களம் கண்ட இதயம்

நுழையும்முன்

ஐரோப்பியக் கால்பந்துக் கழகம் ஒன்று புதிய வீரரைச் சேர்த்துக்கொள்ளும்போது, ஒப்பந்தம் உறுதிப்படும் முன் அவருக்கு மருத்துவச் சோதனை நடத்துவது வழக்கம். முழங்கால், கணுக்கால், நுரையீரல், இதயம் என ஒவ்வொன்றும் ஆராயப்படும். பெரும்பாலும் அது ஒரு சடங்காகவே முடிந்துவிடும். 1996-ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் நடந்த அத்தகைய சோதனை ஒன்று, இருபதே வயதான நைஜீரிய வீரர் ஒருவரின் வாழ்வைத் திசைதிருப்பியது. ஒலிம்பிக் தங்கத்தை வென்று சில வாரங்களே ஆகியிருந்த நுவாங்கோ கானுதான் அந்த வீரர்.

சந்தை நாளின் பெயர்

நைஜீரியாவின் தென்கிழக்கே உள்ள இமோ மாநிலத்தின் தலைநகர் ஓவெரி. இக்போ மக்கள் வாழும் பகுதி அது. உள்நாட்டுப் போரில் பெரிதும் துன்புற்ற அந்நிலத்தில், போர் முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1976 ஆகஸ்டு முதல் நாளன்று கானு பிறந்தார். 

தெரிந்து தெளிவோம்: இக்போ மக்களின் மரபு வாரம் நான்கு நாள்களைக் கொண்டது. ஏக்கே, ஓரியே, ஆஃபோ, இன்க்வோ என்பன அந்நாள்களின் பெயர்கள். ஒவ்வொன்றும் ஒரு சந்தை நாள். ‘நுவா’ என்றால் குழந்தை. இன்க்வோ நாளின் குழந்தை என்பதே ‘நுவாங்கோ’ என்னும் பெயரின் பொருள். கானு என்பது குடும்பப் பெயர்.

உள்ளூர் அணிகளில் ஆடத் தொடங்கிய கானு, பதின்ம வயதிலேயே ஓவெரியின் முதன்மைக் கழகமான இவுவன்யன்வு நேஷனல் அணியில் இடம்பெற்றார். 1993-இல் ஜப்பானில் நடைபெற்ற பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை அவரை உலகின் கண்முன் நிறுத்தியது. அத்தொடரில் அவர் ஐந்து கோல்களை அடித்தார். இறுதிப் போட்டியில் கானாவை 2-1 என்ற கணக்கில் வீழ்த்தி நைஜீரியா கோப்பையை வென்றது. ஐரோப்பியக் கழகங்களின் முகவர்கள் இத்தகைய இளையோர் போட்டிகளுக்குத் தவறாமல் வருவார்கள். விலை ஏறுவதற்கு முன்பே வீரரைக் கண்டுகொள்ளும் இடம் அதுதான். அவ்வாண்டே நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகம் கானுவை ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது பதினேழு.

நீண்ட கால்களின் நிதானம்

அயாக்ஸ், இளைஞர்களை வளர்த்தெடுப்பதில் பெயர்பெற்ற கழகம். அக்காலத்தில் அதன் பயிற்சியாளராக இருந்தவர் லூயி வான் கால். பந்தைத் தன் அணியினரிடமே வைத்துக்கொண்டு, களத்தின் வெற்றிடங்களைக் கணக்கிட்டு ஆடுவது அவர் கற்பித்த முறை. கானுவின் உடலமைப்பு இம்முறைக்குப் பொருந்தாது என்றே முதற்பார்வையில் தோன்றும். ஆறடி ஐந்து அங்குலத்துக்கும் மேற்பட்ட உயரம், மெலிந்த தேகம், மிகப் பெரிய பாதங்கள். அத்தகைய முன்கள வீரரைக் கண்டால், உயரப் பந்துகளைத் தலையால் முட்டுவதற்கே அவர் பயன்படுவார் என்று எவரும் எண்ணுவர். கானுவோ அதற்கு நேர்மாறானவர். அவருடைய வலிமை பாதங்களில் இருந்தது. விரைந்து ஓடாமல், பந்தைத் தடுக்க வருபவர் அருகில் வரும்வரை காத்திருந்து, இறுதி நொடியில் பந்தைச் சற்றே நகர்த்திவிடுவார். எதிராளி தடுமாறி நிற்கையில் கானு கடந்து சென்றிருப்பார். சோம்பலாகத் தோற்றமளித்த இந்த ஆட்டத்தின் அடியில் மிகக் கூர்மையான கணக்கு இருந்தது.

அயாக்ஸில் அவர் ஆடிய மூன்று பருவங்களிலும் அக்கழகம் நெதர்லாந்துப் பட்டத்தை வென்றது. 1995 மே மாதம் வியன்னாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இத்தாலியின் ஏசி மிலான் அணியை அயாக்ஸ் 1-0 என வென்றபோது, கானு மாற்று வீரராகக் களமிறங்கினார். அந்த அணியின் மற்றொரு நைஜீரியர் ஃபினிடி ஜார்ஜ். அவரும் 1993-இல் அயாக்ஸில் சேர்ந்தவரே.

அட்லாண்டா, 1996

அமெரிக்காவின் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் நைஜீரிய அணிக்குக் கானு தலைமையேற்றார். தொடக்கச் சுற்றில் பிரேசிலிடம் 0-1 எனத் தோற்ற நைஜீரியா, அரையிறுதியில் மீண்டும் அதே பிரேசிலை எதிர்கொள்ள நேர்ந்தது. ரொனால்டோ, பெபெட்டோ, ரிவால்டோ, ராபர்ட்டோ கார்லோஸ் முதலியோர் நிறைந்த அணி அது. ஜூலை 31, கானுவின் இருபதாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள்.

பிரேசில் 3-1 என முன்னிலை பெற்றது. ஆட்டம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்ற நிலையில், 78-ஆம் நிமிடத்தில் விக்டர் இக்பெபா ஒரு கோல் அடித்தார். தொண்ணூறாம் நிமிடத்தில், கோலுக்கு மிக அருகே, முதுகு காட்டி நின்றிருந்த கானுவிடம் பந்து வந்தது. அவர் அதைக் காலால் மேலே தூக்கி, திரும்பி, வலைக்குள் செலுத்தினார். கணக்கு சமமாயிற்று. கூடுதல் நேரத்தில் முதலில் கோல் அடிப்பவரே வென்றவர் என்பது அன்றைய விதி. அதற்குப் ‘பொன் கோல்’ என்று பெயர். கூடுதல் நேரத்தின் நான்காம் நிமிடத்தில் அந்தக் கோலையும் கானுவே அடித்தார். நைஜீரியா 4-3 என வென்றது. மூன்று நாள்களுக்குப் பின் இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவையும் 3-2 என வீழ்த்தியது. ஒலிம்பிக் கால்பந்தில் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க நாடு நைஜீரியா. அவ்வாண்டின் சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருது கானுவுக்கு வழங்கப்பட்டது.

இந்த ஆட்டங்கள் அனைத்தையும் அவர் பழுதுற்ற ஓர் இதயத்துடன் ஆடினார் என்பது அப்போது வெளியில் தெரிந்திருக்கவில்லை.

மூடாத கதவு

ஒலிம்பிக் முடிந்ததும் கானு இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்துக்கு மாறினார். இத்தாலியில் மருத்துவச் சோதனை சடங்கன்று. போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர் ஒவ்வொருவரும் இதய மின்னலை வரைபடம் உள்ளிட்ட சோதனைகளுக்கு உட்பட வேண்டும் என்பதை 1982-ஆம் ஆண்டு முதல் அந்நாடு சட்டப்படி கட்டாயமாக்கியிருக்கிறது. தகுதிச் சான்று இன்றிக் களமிறங்க இயலாது. அச்சோதனையில்தான் கானுவின் பெருந்தமனி வால்வில் கடுமையான குறைபாடு இருப்பது தெரியவந்தது.

இதயத்தின் இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது, உயிர்வளி நிறைந்த இரத்தம் பெருந்தமனிக்குள் பாய்ந்து உடலெங்கும் செல்கிறது. அவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஒருவழிக் கதவே பெருந்தமனி வால்வு. பிறை வடிவான மூன்று மெல்லிய இதழ்களால் ஆன இது, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. இதழ்கள் சரிவரப் பொருந்தவில்லையாயின், வெளியேறிய இரத்தத்தின் ஒரு பகுதி மீண்டும் இதயத்துக்குள்ளேயே கசியும். கசிந்ததையும் சேர்த்து மறுபடி வெளியேற்ற வேண்டியிருப்பதால் இதயத்தின் சுமை கூடும். நாளடைவில் வெண்ட்ரிக்கிள் விரிந்து பெருக்கும். ஓய்வாக இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. கடுமையாக ஓடும் விளையாட்டு வீரருக்கு அது இருபது லிட்டரையும் தாண்டும். ஆகவே பழுதான வால்வு கொண்ட ஒருவருக்குத் தொண்ணூறு நிமிடக் கால்பந்து பேரிடர் நிறைந்தது.

ஆனால், இளமையும் பயிற்சியும் இக்குறையை மறைத்துவிடக்கூடும். இதயம் தன் உழைப்பைக் கூட்டி நெடுங்காலம் ஈடுகொடுக்கும். மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றும்வரை குறை இருப்பதே தெரிவதில்லை. சிலரிடம் முதல் அறிகுறியே இறுதி அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

அதற்கு நைஜீரியாவிலேயே ஒரு சான்று உண்டு. 1989 ஆகஸ்டு 12 அன்று, லாகோஸ் தேசிய விளையாட்டரங்கில் அங்கோலாவுக்கு எதிரான உலகக்கோப்பைத் தகுதிப் போட்டி நடந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் நடுக்கள வீரர் சாமுவேல் ஒக்வராஜி களத்திலேயே சரிந்து விழுந்து உயிரிழந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து. சட்டம் பயின்றவர், ஜெர்மனியின் கழகமொன்றில் ஆடிவந்தவர். அவரது இதயம் பெருத்திருந்தது உடற்கூறாய்வில் தெரியவந்தது. அந்நிகழ்வின்போது கானுவுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிப் பதினொரு நாள்களே ஆகியிருந்தன. ஒக்வராஜிக்குக் கிட்டாத முன்னறிவிப்பு, ஏழு ஆண்டுகள் கழித்துக் கானுவுக்குக் கிட்டியது.

மார்பில் ஒரு தழும்பு

அந்த முன்னறிவிப்பு அவருக்கு நற்செய்தியாக வரவில்லை. இனி அவர் கால்பந்து ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் கருதினர். உலகின் உயர்ந்த மேடைகளை எட்டிய இளைஞருக்கு இருபதாம் வயதில் கிடைத்த தீர்ப்பு அது. கழகத்தின் நிலையும் எளிதன்று. ஆடவே முடியாத வீரரை ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பது வணிகக் கணக்கில் இயல்பான முடிவு. ஆயினும் இன்டர் மிலானின் தலைவர் மாசிமோ மொராட்டி அந்த வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கானு கழகத்தின் வீரராகவே நீடித்தார்.

1996 நவம்பரில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அவருக்கு அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. திறந்த இதய அறுவையில் மார்பெலும்பு பிளக்கப்படும். இதயத்தின் துடிப்பு நிறுத்தப்படும். அந்நேரம் முழுவதும் இதய-நுரையீரல் எந்திரமே உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும். பிளந்த எலும்பு கூடுவதற்கே பல வாரங்கள் ஆகும். அதன்பின் நடை, மெல்லோட்டம், பயிற்சி எனப் படிப்படியாக உடலைப் பழக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் இதயம் அளக்கப்படும். எதிராளியின் முழங்கை மார்பில் மோதக்கூடிய விளையாட்டுக்கு ஒருவரைத் திரும்ப அனுப்புவது, மருத்துவருக்கும் துணிவு தேவைப்படும் முடிவுதான்.

1997 ஏப்ரலில் கானு தம் கழகத்துக்குத் திரும்பினார். உடல் தேறினாலும் ஆட்டக்களம் எளிதில் இடம் தரவில்லை. இன்டர் மிலானில் அவர் ஆடிய லீக் போட்டிகள் பன்னிரண்டு. அடித்த கோல் ஒன்றே ஒன்று. 1998-இல் யூயெஃபா கோப்பையை அக்கழகம் வென்றபோதும், அவர் பெரும்பாலும் ஓரத்து இருக்கையிலேயே அமர்ந்திருந்தார். கானு முடிந்துபோன வீரர் என்று இத்தாலியில் பலரும் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

இலண்டனில் மறுபிறப்பு

1999-இன் தொடக்கத்தில் இலண்டனின் ஆர்சனல் கழகம் அவரை வாங்கியது. பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் பிறர் கைவிட்ட வீரர்களிடம் எஞ்சியிருக்கும் திறனைக் காணத் தெரிந்தவர்.

கானுவின் முதல் ஆட்டமே சர்ச்சையில் முடிந்தது. எஃப்.ஏ. கோப்பையில் ஷெஃபீல்டு யுனைடெட் அணியுடன் ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் இருந்தது. ஷெஃபீல்டு வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடந்ததால், அவருக்கு மருத்துவ உதவி கிடைக்க அவ்வணியின் கோல் காப்பாளர் பந்தை வெளியே உதைத்தார். இத்தகைய நேரத்தில் எதிரணி பந்தை உரியவரிடமே திருப்பித் தருவது எழுதப்படாத மரபு. அவ்வாறே ஆர்சனல் வீரர் பந்தை ஷெஃபீல்டு எல்லையை நோக்கி எறிந்தார். நடந்ததை உணராத கானு பந்தைத் துரத்திப் பிடித்து மையத்துக்கு அனுப்ப, மார்க் ஓவர்மார்ஸ் அதைக் கோலாக்கிவிட்டார். விதிப்படி கோல் செல்லும். நடுவரால் மறுக்க முடியவில்லை. ஆட்டம் 2-1 என முடிந்தது. உடனே வெங்கர், மறு ஆட்டம் நடத்தலாம் என்று தாமே முன்வந்தார். பத்து நாள்களில் ஆட்டம் மீண்டும் நடந்தது. ஆர்சனல் அதே 2-1 கணக்கில் வென்றது. விதி தந்த வெற்றியைத் தாமே விட்டுக்கொடுத்த செயல் விளையாட்டு உலகில் அரிது.

அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று நடந்த ஆட்டம்தான் கானுவின் பெயரை இலண்டனில் நிலைநிறுத்தியது. செல்சியின் களத்தில், மழையில் ஊறிய தரையில், ஆர்சனல் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. எஞ்சியிருந்தது பதினைந்து நிமிடம். 75-ஆம் நிமிடத்தில் கானு ஒரு கோல் அடித்தார், 83-இல் மற்றொன்று. ஆட்டம் முடியும் தறுவாயில் இடது ஓரத்தில் பந்து அவரிடம் சிக்கியது. செல்சியின் கோல் காப்பாளர் தம் இடத்தைவிட்டு வெளியே ஓடிவந்தார். கானு அவரை ஏமாற்றிக் கடந்தபோது, கோல் கோட்டுக்கு மிக அண்மையில், கம்பத்துக்குப் பக்கவாட்டில் இருந்தார். அங்கிருந்து கோல் அடிக்கக் கோணமே இல்லை எனலாம். எவரும் பந்தை மையத்துக்கே அனுப்பியிருப்பர். அவரோ, கோலின் முன் நின்ற இரு தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலாகப் பந்தை வளைத்து வலைக்குள் இட்டார். ஆட்டம் 3-2. அவ்வாண்டுக்கான சிறந்த ஆப்பிரிக்க வீரர் விருது இரண்டாம் முறையாக அவரை வந்தடைந்தது. இரு விருதுகளுக்கும் நடுவில் ஓர் அறுவை மேசை இருந்தது.

ஆர்சனலுக்காக 198 ஆட்டங்களில் 44 கோல்கள். இவற்றில் பல ஆட்டங்களில் அவர் மாற்று வீரராகவே இறங்கினார். இரண்டு லீக் பட்டங்களில் ஒன்று, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வென்ற 2003-04 பருவத்துக்குரியது. அதன்பின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன், பிறகு போர்ட்ஸ்மவுத். தென்கடற்கரை நகரான போர்ட்ஸ்மவுத்தின் கழகம் 1939-க்குப் பின் எஃப்.ஏ. கோப்பையைக் கண்டதில்லை. 2008-இல் அரையிறுதியில் ஒரே கோல்; அடித்தவர் கானு. வெம்பிளி அரங்கில் கார்டிஃப் சிட்டிக்கு எதிரான இறுதிப் போட்டியிலும் ஒரே கோல், அடித்தவரும் அவரே. அறுவை முடிந்து பன்னிரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. 2010-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக்கோப்பை, நைஜீரியாவுக்காக அவர் இடம்பெற்ற மூன்றாம் உலகக்கோப்பை.

ஓவெரியில் பிறந்த பிற குழந்தைகள்

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எண்மருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கும். இந்த விகிதம் மிலானுக்கும் ஓவெரிக்கும் பெரிதும் மாறுபடுவதில்லை. மாறுபடுவது, குறையைக் கண்டறியும் வாய்ப்பும் அதைச் சீர்செய்யும் வசதியும்தான். நைஜீரியாவில் திறந்த இதய அறுவை செய்யத்தக்க மருத்துவமனைகள் மிகச் சில. செலவோ எளிய குடும்பங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கானு கிளீவ்லாந்துக்குச் செல்ல முடிந்தது அவர் இன்டர் மிலானின் வீரர் என்பதால். ஓவெரியின் ஒரு பள்ளி மாணவராகவே இருந்திருந்தால் அவருடைய வால்வை எவரும் சோதித்திருக்கப்போவதில்லை.

இந்த வேறுபாட்டை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 2000-ஆம் ஆண்டு, ஆர்சனலில் ஆடிக்கொண்டிருந்தபோதே, கானு இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். இதயக் குறைபாடுள்ள ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு அறுவை மருத்துவம் கிடைக்கச் செய்வது அதன் பணி. உள்நாட்டில் வசதி குறைவாக இருந்ததால், குழந்தைகள் வெளிநாடுகளுக்கே அனுப்பப்பட வேண்டியிருந்தது. இங்கிலாந்து, இஸ்ரேல், இந்தியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் அவர்களுக்கு அறுவை நடந்தது. இவ்வாறு நலம்பெற்ற குழந்தைகள் நூற்றுக்கணக்கானோர். 

வெளிநாட்டுப் பயணம் என்பது ஒரு குழந்தைக்கு மட்டும் ஆகும் செலவன்று. உடன்செல்லும் பெற்றோர், கடவுச்சீட்டு, நுழைவிசைவு, தங்குமிடம், அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் காத்திருத்தல் என அது நீளும். பயணத்தைத் தாங்கும் வலிமை அக்குழந்தையின் இதயத்துக்கு இருக்கிறதா என்பது அனைத்துக்கும் முந்தைய கேள்வி. எனவேதான், நைஜீரிய மண்ணிலேயே இதய மருத்துவமனை ஒன்றை எழுப்புவது கானுவின் நெடுநாள் முயற்சியாயிற்று.

கால்பந்து உலகமும் மெல்லவே பாடம் கற்றது. 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில், கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ, இருபத்தெட்டு வயதில், ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். அவருக்கும் முன்பே அறியப்படாத இதயநோய் இருந்தது. 2006 உலகக்கோப்பையின்போதுதான், பங்கேற்கும் வீரர்களுக்கு இதயப் பரிசோதனை அடங்கிய மருத்துவ மதிப்பீட்டை ஃபிஃபா நடைமுறைக்குக் கொண்டுவந்தது. லாகோஸ் அரங்கில் ஒக்வராஜி விழுந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.